ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: மதுரைப் பக்கத்து அரசுப் பள்ளிகளின் சிக்கல் எங்கே இருக்கிறது?

சமக்ர சிக்ஷா என்ற மத்திய-மாநிலக் கல்வித் திட்டத்தின் நிதி வரவில்லை. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாத ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. கள்ளர் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கக் கூடாது என்று உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) தனியார் பள்ளிகளில் நடக்கும் இலவசச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை. கடந்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளைப் பற்றி வந்த செய்திகளை இப்படி அடுக்கிவைத்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தெரியும். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கிற பெற்றோருக்குத் தலை சுற்றும்.

கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் எல்லாமே மூன்று கேள்விகளுக்குள் வந்துவிடும். பள்ளி யாருடையது? பணம் யார் தருவது? வகுப்பில் நிற்க ஆள் இருக்கிறாரா? முதல் இரண்டு கேள்விகளுக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைக்கிறது. மூன்றாவது பெரும்பாலும் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியோடு போய்விடுகிறது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறது.

## ‘அரசுப் பள்ளி’ என்று ஒன்றே ஒன்று கிடையாது

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினால் செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி வழியாகப் போகும். அந்தப் பாதையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பள்ளிகளை மக்கள் பொதுவாக ‘கவர்மெண்ட் ஸ்கூல்’ என்றுதான் சொல்கிறார்கள். காகிதத்தில் அவற்றுக்கு வெவ்வேறு சொந்தக்காரர்கள்.

1. மாநகராட்சிப் பள்ளிகள். மதுரை நகரத்துக்குள் இருப்பவை. கட்டடமும் பராமரிப்பும் மாநகராட்சியின் பொறுப்பு.

2. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள், நடுநிலைப் பள்ளிகள். முதல் வகுப்பிலிருந்து ஐந்து வரை, அல்லது எட்டு வரை. தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருபவை. மேற்பார்வை வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள் இருக்கின்றன. கிராமத்துப் பள்ளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

3. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள். பள்ளிக் கல்வித் துறையின் நேரடி நிர்வாகம்.

4. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்துபவை. மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல்.

5. அரசு கள்ளர் பள்ளிகள். கள்ளர் சீரமைப்புத் துறையின் கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் இருப்பவை. ஏறத்தாழ 300.

இவை போக, அரசு உதவி பெறும் பள்ளிகள். நிர்வாகம் தனியார்; ஆசிரியர் சம்பளம் அரசு. மதுரையில் கிறித்தவ மிஷன்களும் பிற அறக்கட்டளைகளும் நடத்தும் இந்த வகைப் பள்ளிகள் நிறைய. பாடநூலும் மதிய உணவும் இங்கேயும் இலவசம்தான் என்பதால் இதையும் ‘அரசுப் பள்ளி’ என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிறகுதான் அதிர்ச்சி. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இருக்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. சேர்க்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

## கள்ளர் பள்ளி ஏன் தனியாக நிற்கிறது?

இணைப்புச் சண்டையைப் புரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களைப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டிப்போட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் அரசு தொடங்கிய வேலைகளில் ஒன்றுதான் இந்தப் பள்ளிகள். சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது. பள்ளிகள் அப்படியே தொடர்ந்தன. இன்று பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் பக்கம் இருக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

2023 மார்ச் மாத பட்ஜெட்டில், பல துறைகள் தனித்தனியாக நடத்தும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதிவெறியால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது: பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, எல்லாப் பள்ளியும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும்.

எதிர்ப்பவர்களின் வாதம் என்ன? இந்தப் பள்ளிகளும் விடுதிகளும் அரசு தானாகக் கொடுத்த சலுகை இல்லை, உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமை; பெயர் போனால் வரலாறும் போகும்; தனித் துறை போனால் எங்களுக்கென்று இருக்கிற நிதியும் இடமும் கரைந்துபோகும். ஆதரிப்பவர்கள் சொல்வது வேறு. நலத்துறை அதிகாரிகளுக்குப் பள்ளி நடத்துவது பல வேலைகளில் ஒன்று. பாடத்தை மேற்பார்வை பார்க்க ஆள் கிடையாது. ஆசிரியர் இடமாறுதல் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. காலியிடம் விழுந்தால் நிரப்ப நாளாகிறது.

என் பார்வையில் இரண்டு தரப்பும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகின்றன. பெயர்ப் பலகை ஒரு பிரச்சினை, பணியிடப் பட்டியல் இன்னொரு பிரச்சினை. ஆசிரியர் நியமனத்தையும் பாட மேற்பார்வையையும் பள்ளிக் கல்வித் துறை எடுத்துக்கொண்டு, விடுதி, நிலம், நிதி ஆகியவற்றை நலத்துறையிடமே விட்டுவைக்கலாம். ஆனால் அறிவிப்பு வரும்போது பெயர்ப் பலகைதான் முதலில் கண்ணில் படுகிறது, அங்கேயே பேச்சு நின்றுவிடுகிறது.

## பணம்: 2,152 கோடி என்பது எந்தப் பணம்?

1976-ஆம் ஆண்டின் 42-வது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால் சட்டம் போடவும் திட்டம் வகுக்கவும் மத்திய அரசுக்கும் இடம் உண்டு, மாநில அரசுக்கும் இடம் உண்டு. பணத்தில் மட்டும் பங்கு அப்படிச் சமமாக இல்லை. 2024-25-இல் தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 46,767 கோடி. இதன் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம்.

2018-இல் மூன்று பழைய திட்டங்களைச் சேர்த்து உருவானது சமக்ர சிக்ஷா. தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை ஏறத்தாழ 3,586 கோடி. அதில் மத்திய அரசின் பங்குதான் அந்த 2,152 கோடி.

அது ஏன் வரவில்லை? 2022-இல் அறிவிக்கப்பட்ட பிஎம் ஸ்ரீ என்ற வேறொரு மத்தியத் திட்டத்தில் (தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்குவது) சேர ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுவதுமாக நடைமுறைப்படுத்துவதாக ஒரு பத்தி. அந்தக் கொள்கையில் மூன்று மொழி இருப்பதால் அந்தப் பத்தியை ஏற்க முடியாது என்றது தமிழ்நாடு. சேராவிட்டால் சமக்ர சிக்ஷா பணமும் இல்லை என்றது மத்திய அரசு. 2025 மே மாதம் மாநில அரசு, மத்திய-மாநில வழக்குகளுக்கான அரசியலமைப்பின் 131-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் போனது. வட்டியோடு சேர்த்துக் கேட்ட தொகை 2,291 கோடிக்கும் மேல். அதே நிலையில் இருந்த கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டு, கூட்டணிக் கட்சி கோபித்துக்கொண்டதும் நிறுத்திவைக்க முடிவெடுத்தது. கையெழுத்துப் போடுவதும் சுலபம் இல்லை, போடாமல் இருப்பதும் சுலபம் இல்லை.

மொத்த ஒதுக்கீட்டில் 2,152 கோடி என்பது ஐந்து சதவீதம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கூப்பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஐந்து சதவீதத்திலிருந்து என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள்:

1. பகுதிநேர ஆசிரியர்களின் சம்பளம். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லித்தர 2012-இல் 16,549 பேர் 5,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் எடுக்கப்பட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அவர்கள் ‘பகுதிநேரம்’தான்.

2. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள்.

3. ஆர்டிஇ 25 சதவீத இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளிகளுக்குத் தரும் கட்டணம். 2025-இல் அந்தச் சேர்க்கை ஜூனில் நடக்காமல் அக்டோபரில் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

4. பள்ளி மானியம். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 30 பிள்ளைகள் வரை இருக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. சாக்பீஸ், விளக்குமாறு, பினாயில், பதிவேடு, உடைந்த குழாய், ஃபேன் ரிப்பேர் எல்லாம் அதற்குள். அந்தப் பணம் வராத வருடம் தலைமை ஆசிரியர் சொந்தப் பையில் கை விடுகிறார், அல்லது ஊரில் யாரையாவது கேட்கிறார்.

சம்பளத்துக்குப் போகிற பெரிய பணத்தை யாரும் நகர்த்த முடியாது. பள்ளி அன்றாடம் மூச்சு விடுவது இந்தச் சின்னப் பணத்தில். சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும், குழாய் உடைந்திருப்பது சேடப்பட்டியில்.

## ஆள்: 60 என்ற எண்ணின் கதை

இனிமேல்தான் முக்கியமான இடம்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு என்று அதன் அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கிற எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பள்ளியின் ஒரு ஆசிரியர் ‘உபரி’. அவரைத் தேவைப்படும் வேறு பள்ளிக்கு மாற்றுவது ‘பணிநிரவல்’. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது, இல்லையா? 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், தாராளம்.

செல்லம்பட்டி ஒன்றியத்தின் பக்கம் ஏதோ ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 34 பிள்ளைகள், தலைமை ஆசிரியரையும் சேர்த்து இரண்டு பேர். ஈராசிரியர் பள்ளி. இந்த 34 பிள்ளைகளும் ஒரே வகுப்பு இல்லை, ஐந்து வகுப்பு. ஒன்றிலும் இரண்டிலும் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடம். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் பிரிந்து ஐந்து பாடம். ஆக, 4+4+5+5+5 = 23 பாடங்கள்.

சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கற்பித்தல் நேரம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம். நாளுக்கு நான்கு மணி. இரண்டு ஆசிரியரின் நேரத்தையும் கூட்டினால் 480 நிமிடம். 23-ஆல் வகுத்தால் பாடத்துக்கு 21 நிமிடத்துக்கும் குறைவு. ஆசிரியர் ஒரு நிமிடம்கூட வேறு எதையும் செய்யாமல் இருந்தால்!

அப்புறம் இன்னொன்று. தனியார் பள்ளியோடு போட்டி போட 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பெற்றோர் விரும்பினார்கள், நல்லதுதான். ஆனால் பல சின்னப் பள்ளிகளில் அதற்கென்று தனி ஆசிரியர் வரவில்லை. ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள், ஒருவர் கையில் தமிழ்வழிக் கணக்குப் புத்தகம், இன்னொருவர் கையில் ஆங்கிலவழிக் கணக்குப் புத்தகம். தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டால்கூட மற்றப் பாடங்கள் இரட்டிப்பாகின்றன. இரண்டு ஆசிரியர் அதே இரண்டு ஆசிரியர்தான்.

ஒருவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போனால், அல்லது மகப்பேறு விடுப்பில் இருந்தால், பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும். எஞ்சி நிற்பவர் வருகைப் பதிவை எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் ஏற்ற வேண்டும், காலை உணவு எத்தனை பேர் என்று பதிய வேண்டும், முட்டைக் கணக்கு பார்க்க வேண்டும், கூடத்தில் இருக்கிற ஐந்து வகுப்பையும் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும். நெட்வொர்க் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போய் போனைத் தூக்கிப் பிடிப்பது தனி வேலை.

இங்கேதான் சுழல் ஆரம்பிக்கிறது.

1. ‘அஞ்சு கிளாசுக்கு ரெண்டு டீச்சர்’ என்பதைப் பெற்றோர் கண்ணால் பார்க்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஊர் முக்கில் மெட்ரிக் பள்ளி வேன் வந்து நிற்கிறது.

2. நூறு நாள் வேலைக் கூலியிலோ நகைக் கடனிலோ கட்டணம் கட்டி, முடிகிறவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள்.

3. ஆகஸ்ட் 1 கணக்கில் எண்ணிக்கை குறைகிறது. 61 இருந்த இடத்தில் 58 ஆனால் மூன்றாவது ஆசிரியர் உபரி. ஜூனில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், பள்ளி தொடங்கிய பிறகு ஆசிரியர் கிளம்பிப் போவதைப் பார்க்கிறார்கள்.

4. அடுத்த ஜூனில் இன்னும் நான்கு பேர் வேன் ஏறுகிறார்கள்.

ஆசிரியர் குறைவதால் பிள்ளை குறைகிறதா, பிள்ளை குறைவதால் ஆசிரியர் குறைகிறாரா என்று பட்டிமன்றம் நடத்தலாம். பிறப்பு விகிதம் குறைந்திருப்பதும், திருப்பூர், கோவை என்று குடும்பத்தோடு வேலைக்குப் போவதும் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் செய்கின்றன. அதை எந்தத் திட்டமும் திருப்பிவிடாது. ஆனால் 30-க்கு ஒன்று என்ற சராசரி, நகரத்துப் பெரிய பள்ளிக்குப் பொருந்துகிற மாதிரி சின்னப் பள்ளிக்குப் பொருந்தாது. அங்கே தேவைப்படுவது தலைக்கணக்கு இல்லை, வகுப்புக் கணக்கு.

சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்சம்தான். இதற்கு மேல் ஆசிரியர் போடக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அதை உச்சவரம்பு மாதிரி நடத்துவது நிர்வாகப் பழக்கம், நிதித் துறைக்கு வசதியான பழக்கம்.

தற்காலிக வழியும் பார்த்தாகிவிட்டது. 2022-இல் 13,331 காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய். தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. பிறகு வழிமுறைகளைத் திருத்த வேண்டியதானது. கொத்தனாருக்குக் கையாளாகப் போனால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

## டெட் தீர்ப்பு என்ன சொல்கிறது?

ஆசிரியர் தகுதித் தேர்வைச் சுருக்கமாக டெட் என்கிறோம். ஒன்று முதல் எட்டு வரை பாடம் நடத்துகிறவர்களுக்கு இது கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 2010 ஆகஸ்ட் 23 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் தேறியது 2,448 பேர். தேர்வின் கடினத்துக்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் தரத்துக்கும் இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சாரம்:

1. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். தேறாவிட்டால் பணியிலிருந்து விலக வேண்டும், அல்லது கட்டாய ஓய்வு. ஓய்வூதியப் பலன்கள் விதிப்படி உண்டு.

2. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் அப்படியே தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் டெட் தேவை.

3. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பது பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. மிஷன் பள்ளிகள் நிறைந்த மதுரைக்கு இந்த மூன்றாவது அம்சம் முக்கியம்.

இருபது வருடம் முதல் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒருவரை 150 மதிப்பெண் கொள்குறித் தேர்வில் உட்கார வைப்பது அவர் நன்றாகச் சொல்லித்தருகிறாரா என்பதைக் காட்டாது. ‘பிள்ளைக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும்’ என்ற சட்டத்தின் நோக்கத்தையும் ஒதுக்க முடியாது. நடைமுறை விளைவு இதுதான்: கெடு 2027 செப்டம்பரில் முடியும்போது, ஏற்கெனவே இரண்டே பேர் இருக்கிற பள்ளியில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இப்போதே பட்டியல் போட்டு வைக்க வேண்டும். எந்த ஒன்றியத்தில் எத்தனை ஈராசிரியர் பள்ளி, அதில் எத்தனை பேர் டெட் இல்லாதவர்கள் என்பது பி.இ.ஓ. அலுவலகத்தில் ஒரு மதியத்தில் எடுத்துவிடக்கூடிய கணக்கு.

## பிள்ளைக்குப் படிக்க வருகிறதா?

இதில் இரண்டு அளவுகோல்கள் மோதுகின்றன. ஆசர் ஆய்வு, கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும். ஐந்தாம் வகுப்பில் படிக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் பத்தில் நான்கு பேர். கொரோனாவுக்குப் பின் 2022-இல் நான்கில் ஒருவர். அந்த முறை சரியில்லை என்று மாநில அரசு சொன்னது. மாநிலத் திட்டக் குழு 2025-இல் பள்ளிகளில் தனியாக ஓர் அடைவு ஆய்வு நடத்தியது. ஒன்று வீட்டில் அளப்பது, மற்றது பள்ளியில் அளப்பது. கேள்வியும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதில் பெரிய பயன் இல்லை.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று திறன்படி பிரித்து, ஒன்று முதல் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கிறது. ஈராசிரியர் பள்ளியின் உண்மை நிலையைக் கண்டு வடிவமைத்த திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் மூன்று வகுப்பைப் பார்க்க, இன்னொருவர் நான்கையும் ஐந்தையும் பார்க்க என்ற ஏற்பாடு, இருவரும் தினமும் பள்ளியில் இருந்தால்தான் ஓடும். அதன் மேல் ஏற்றிவைத்த செயலி மதிப்பீடுகள் தனிச் சுமை.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை இருமொழியையும் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்காத தேர்ச்சியையும் உறுதி செய்தது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்தது. மேல்வகுப்பில் இருப்பவர்களுக்கு நிம்மதி. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு அது இன்னும் எட்டாத தூரம்.

## மதுரையில் தொடங்கிய ஒன்று

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024-இல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. மூன்று ஆண்டுக்குள் சோதனையிலிருந்து முழு அளவுக்கு வளர்ந்த திட்டம் அபூர்வம். விடியற்காலையில் களை எடுக்கவோ கட்டட வேலைக்கோ போகிற அம்மா, பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டியதில்லை. இது ஏன் ஓடியது? சமைக்கத் தனி ஆள் இருந்தார்கள், பணம் மாநிலப் பணம், யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை.

கட்டட விஷயம் இவ்வளவு சீராக இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்த வேகத்தில் கட்டவில்லை. 2022 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுக்கு 7,000 கோடி என்று அன்பழகன் பெயரில் திட்டம் அறிவிக்கப்பட்டது. இடம் இல்லாமல் தரம் உயராத பள்ளிகள் வேறு. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் கொடிக்குளம் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கும் ஒரு தாய், இறந்துபோன மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தார். பல கோடி மதிப்பு. 2024 குடியரசு தினத்தில் அரசு அவருக்கு விருது தந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். ஒரு நடுநிலைப் பள்ளி வளர, ஒரு தாயின் துக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## எதற்கு முதலிடம்?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. வரிசை போட வேண்டும் என்றால் நான் போடுவது இப்படி:

முதலில், தொடக்கப் பள்ளிகளுக்கான பணியிடக் கணக்கைத் தலையிலிருந்து வகுப்புக்கு மாற்றுவது. உடனே ஐந்து பேர் வேண்டும் என்று சொன்னால் நடக்காது. 30-க்கு மேல் பிள்ளைகள் இருக்கிற ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் மூன்றாவது ஆசிரியர் என்று தொடங்கலாம். ஆகஸ்ட் 1 அன்று எண்ணிக்கை சரிந்தாலும் மூன்று ஆண்டுக்கு அந்த இடத்தைத் தொடக் கூடாது. சுழலை எங்காவது அறுக்க வேண்டுமென்றால் மிகச் சுலபமான இடம் இதுதான்.

பத்துப் பிள்ளைகளுக்கும் கீழே போன பள்ளிகளை என்ன செய்வது? பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்பார்கள். முதல் ஐந்து வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது விதி. டவுன் பஸ் ஓடுகிற, ஊர்கள் ஒட்டிக்கிடக்கிற மதுரை கிழக்கு, மேற்கு ஒன்றியங்களில் அரசே வேன் விட்டு மூன்று பள்ளியை ஒன்றாக்கிப் பார்க்கலாம். கொட்டாம்பட்டிப் பக்கத்து மலையடிவாரத்தில் அதைச் செய்தால் முதலில் பள்ளியைவிட்டு நிற்கப்போவது பெண் பிள்ளைகள்.

அடுத்து, பள்ளி மானியத்தையும் சிறப்புப் பயிற்றுநர், பகுதிநேர ஆசிரியர் சம்பளத்தையும் டெல்லிச் சண்டையிலிருந்து விடுவிப்பது. வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரும்போது வரட்டும். அதுவரை அந்தப் பகுதியை மட்டும் மாநிலம் முன்பணமாகப் போட்டு, பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். மொத்த 2,152 கோடியும் தேவைப்படாது.

டெட் இல்லாத ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளில் ஒன்றிய அளவில் பயிற்சி; அதற்காக வேலைநாளில் வகுப்பைக் காலி செய்யக் கூடாது. துறை இணைப்பில் நியமனமும் மேற்பார்வையும் முதலில், பெயர்ப் பலகை பற்றி ஊரோடு உட்கார்ந்து பேசி அப்புறம். ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் எல்லாம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். போர்டைப் போட்டுவிட ஆள் இருந்தால்தானே.

பெற்றோர் பக்கத்தில் ஒரு கருவி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் தொடுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போனால் கழிவறை, காம்பவுண்டு சுவர் என்று பேச்சு போகும். மூன்று கேள்வியை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்: இந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, நிரம்பியவர்களில் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போயிருப்பவர் எத்தனை பேர். இதை ஜூலைக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும். ஆகஸ்ட் 1 தாண்டிவிட்டால் அடுத்த கணக்குக்கு ஒரு வருடம் ஆகும்.